மலைக்கு அப்பால்: மைதிலி சிவராமனின் எழுத்தும் பணியும்

தியாகதுருகத்துக் கோட்டைக் குன்றைப் பற்றி எழுதுபவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி என்று கைமாறிய கோட்டைகளின் வரிசையில் அதுவும் ஒன்று. குன்றிலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை எழுகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது 1976-ஆம் ஆண்டில்தான். சமவெளியில் விடுதலைக்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டிருந்தது.

கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில், தருமபுரி மாவட்டத்து அரூர் பகுதியில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கும் அதே மலையாளிப் பழங்குடியினர்தாம். அவ்வூரின் பெயர் தமிழகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அப்பெயரை ஆவணமாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவரான மைதிலி சிவராமனை நம் இலக்கிய வாசகர்கள் அவ்வளவாக அறியவில்லை. அவர் மிகுதியும் ஆங்கிலத்தில் எழுதியது ஒரு காரணம். எழுத்தாளர் என்றும் இயக்கத்தவர் என்றும் மனிதர்களைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுவைக்கும் நம் பழக்கம் மற்றொன்று.

தமிழில் பெண்கள் நடத்திய இதழியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1925 முதல் வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்தினார். இந்திய மாதர் சங்கத்தின் இதழான 'ஸ்திரீ தர்ம'த்தை முத்துலட்சுமி ரெட்டி சில காலம் தொகுத்தார். வாக்குரிமை, பால்ய விவாகம், தேவதாசி முறை ஆகியவை அத்தலைமுறையின் கேள்விகள். மைதிலி அவர்களுக்கு இரண்டு தலைமுறை பின்னால் வருகிறார். நெல்வயலில் கூலிக்கு நிற்கும் பெண்ணும் சுள்ளி பொறுக்கும் மலைப்பெண்ணும் பெண்ணுரிமை என்ற சொல்லுக்குள் எப்போது வருவார்கள் என்பது அவருடைய கேள்வியாக இருந்தது.

1939-இல் பிராமண நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்த அவர் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்தார். 1966 முதல் 1968 வரை நியூயார்க்கில், ஐ.நா.வுக்கான இந்திய நிரந்தரத் தூதரகத்தில் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றினார். காலனி நாடுகளின் விடுதலை பற்றிய விவகாரங்களை அணுகிப் பார்க்கும் வாய்ப்பு அது. வியட்நாம் போருக்கு எதிரான கிளர்ச்சியும் கறுப்பின மக்களின் போராட்டமும் அமெரிக்கத் தெருக்களை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே. 1968-இல் அவர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்த்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்திருந்த 44 தலித் விவசாயத் தொழிலாளர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

மைதிலி வெண்மணிக்குச் சென்றார், எழுதினார். நகரத்து நாளிதழ்கள் கூலித்தகராறு என்று சுருக்கிய நிகழ்வின் பின்னால் நிலவுடைமை, சாதி, செங்கொடிச் சங்கத்தை உடைக்க மிராசுதார்கள் அமைத்த நெல் உற்பத்தியாளர் சங்கம், பசுமைப் புரட்சி கொண்டுவந்த புதிய இறுக்கங்கள் ஆகிய அனைத்தும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். தஞ்சை குறித்த அவருடைய விரிவான கட்டுரை, 1973-இல் காத்லீன் கஃப் இணைந்து தொகுத்த தெற்காசியா பற்றிய நூலில் இடம்பெற்றது. தஞ்சைக் கிராமங்களை ஆராய்ந்து பெயர்பெற்ற மானிடவியலாளரின் தொகுப்பில் அது சேர்ந்ததே அக்கட்டுரையின் தரத்துக்குச் சான்று.

அதே 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம், கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெருநிலம் உடைய செல்வந்தர்கள். அத்தகையவர்கள் வேலையாட்களின் துணையின்றித் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று தீர்ப்பு கருதியது. 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் மைதிலி இதற்கு எழுதிய எதிர்வினையின் தலைப்பிலேயே கொலைகாரர்களைக் கனவான்கள் என்று குறித்தார். அந்த ஏளனத்துக்குள் ஒரு கூர்மையான வாதம் இருக்கிறது. எவர் சொல் நம்பத்தகுந்தது என்பதைச் சாட்சியம் மட்டும் முடிவு செய்வதில்லை. சாட்சி சொல்பவரிடம் எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்பதும் முடிவு செய்கிறது. அவருடைய பின்னாளைய வாழ்வு முழுவதையும் இந்த வாதத்தின் நீட்சியாகவே நான் வாசிக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என். ராம், ப. சிதம்பரம் ஆகியோருடன் சேர்ந்து 'ராடிகல் ரிவ்யூ' என்ற ஆங்கில இதழை நடத்தினார். பின்னாளில் மூவரின் பாதைகளும் வெகுவாக விலகிச் சென்றதால் இத்தகவலை வியப்போடு சொல்வது வாடிக்கையாகிவிட்டது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, மைதிலி அவ்விதழோடு நின்றுவிடாததுதான். மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், வி.பி. சிந்தன் போன்ற தலைவர்களோடு சென்னைத் தொழிற்சங்கங்களில் பணிபுரிந்தார். 1973-இல் கே.பி. ஜானகியம்மாள், பாப்பா உமாநாத் ஆகியோர் முன்னின்று தமிழகத்தில் ஜனநாயக மாதர் சங்கத்தை அமைத்தபோது அதன் தொடக்ககால உழைப்பாளிகளில் ஒருவரானார். பின்னாளில் அதன் அகில இந்தியத் துணைத் தலைவராகவும் இருந்தார். வாயிற்கூட்டம், மனு, விசாரணைக் குழு, அறிக்கை என்று நாட்கள் கழிந்தன. இவற்றை நாம் எழுத்துப் பணி என்று எண்ணுவதில்லை. ஆனால் நேரில் போய், பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு, பெயரும் நாளும் பிசகாமல் குறித்து, அதிகாரத்தின் முன் வைப்பது இதழியலின் அடிப்படை வேலையேயன்றி வேறென்ன?

அந்த வேலையின் முழுப் பயனும் தெரிந்தது வாச்சாத்தியில். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களில் பள்ளிச் சிறுமியும் ஒருத்தி. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் சென்ற பிறகே உண்மை வெளியே கசிந்தது. அரசுத் தரப்பு அதை அடியோடு மறுத்தது. ஒருபுறம் பதவியும் சீருடையும் உடைய அலுவலர்கள். மறுபுறம் சந்தனம் கடத்துபவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட மலைமக்கள். வெண்மணியில் எழுந்த கேள்வி மறுபடியும் எழுந்து நின்றது: எவர் சொல்லை நம்புவது?

மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். மாதர் சங்கத்தின் சார்பில் மைதிலி இக்கொடுமையைத் தேசியத் தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடம் கொண்டுசென்றார். ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை, மக்களின் கூற்றுக்கு அரசு அமைப்பொன்றின் முத்திரையைத் தந்தது. வழக்கு 1995-இல் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பதினேழு பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கனவான்கள் இப்படிச் செய்வார்களா என்று ஐயுற்ற அதே உயர்நீதிமன்றம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மலைப்பெண்களின் சொல்லை ஏற்றது.

இதை ஒரு மனிதரின் வெற்றி என்று சொன்னால் மைதிலியே மறுத்திருப்பார். அந்தப் பெண்கள் முப்பது ஆண்டுகள் தம் சொல்லில் உறுதியாக நின்றார்கள். பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. முதல் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2011 நவம்பரில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில் காவல் நிலையத்தார் மீது நான்கு இருளர் பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தீர்ப்போடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

மைதிலியின் எழுத்தில் இன்னொரு முகமும் உண்டு. இலக்கிய வாசகர்கள் தொடங்க வேண்டிய இடம் ஒருவேளை அதுதான். 2006-இல் ஸுபான் வெளியிட்ட அவருடைய நூல், தாய்வழிப் பாட்டி சுப்புலட்சுமியின் வாழ்வைப் பற்றியது. சிறுவயதில் மணமுடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டு, தானாகவே படித்துத் தேறிய பெண் அவர். தனக்குக் கிட்டாத கல்வி மகளுக்கேனும் கிட்டட்டும் என்று திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தார். வரலாற்று நூல்கள் எவற்றிலும் அவர் பெயர் இல்லை. அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு பேத்தி அந்த வாழ்வைத் துண்டு துண்டாக ஒட்ட வைத்தார். ஒட்டாத இடங்களை ஒட்டாமலேயே விட்டார். ஊர்ப் பெண்களிடம் வாக்குமூலம் கேட்டுப் பழகிய காது, தன் வீட்டு மௌனத்தையும் அதே பொறுமையோடு கேட்டிருக்கிறது.

அவருடைய கட்டுரைகளை வ. கீதாவும் மகள் கல்பனா கருணாகரனும் தொகுக்க, 2013-இல் லெப்ட்வேர்ட் நூலாக வெளியிட்டது. வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தி அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதற்குள் அல்ஸைமர் நோய் மைதிலியின் நினைவைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. 2021 மே 30 அன்று, கொரோனாத் தொற்றால் அவர் காலமானார். பிறர் மறக்க விரும்பியதை நாளும் பெயருமாகக் குறித்து வைத்தவர், கடைசி ஆண்டுகளில் தன் நினைவை இழந்து வாழ்ந்தார். அவர் குறித்து வைத்தவை நம்மிடம் இருக்கின்றன. தமிழில் அவை முழுமையாக வாசிக்கப்படும் நாளில், வெண்மணியையும் வாச்சாத்தியையும் இருவேறு மாவட்டத்துத் துயரங்களாகப் பார்க்கும் நம் பழக்கம் மாறக்கூடும்.