முகவரியாகிவிட்ட ஒரு பெயர்



அண்ணல் அம்பேத்கரைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று அந்தப் பெயரைப் பற்றி, அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தினமும் நூறு முறை சொல்கிறோம். அது எங்கிருந்து வந்தது, நம் வாயில் என்னவாக மாறியிருக்கிறது என்று நின்று பார்த்ததில்லை.

மராத்தியில் 'கர்' என்று முடிந்தால் இன்ன ஊர்க்காரர் என்று பொருள். மங்கேஷியிலிருந்து வந்த குடும்பம் மங்கேஷ்கர் ஆனது போல. ராம்ஜி சக்பாலின் பூர்வீகம் இரத்னகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சக்பால் என்ற குலப்பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரிலிருந்து அம்படவேகர் என்று கொடுத்தார். அது பின்னால் அம்பேத்கர் ஆனது. அம்பேத்கர் என்ற பெயருடைய பிராமண ஆசிரியர் ஒருவர் தம் பெயரையே அன்புடன் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்த ஆசிரியர் நல்லவராகவே இருந்திருக்கட்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் யார், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நம்முடைய பெயருக்குக்கூட யாருக்கோ நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் என்ற வழக்கம் கிடையாது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்ததெல்லாம் சாதிதான். அதை வெட்ட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதனால் 'அம்பேத்கர்' இங்கே வந்து சேர்ந்தபோது யாரும் அதைக் குடும்பப்பெயராகப் பார்க்கவில்லை. அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு வைத்தார்கள். எங்கள் தலைமுறையில் எத்தனை அம்பேத்கர்கள்! கிராமத்தில் 'ஏ அம்பேத்காரு' என்று காலை நீட்டிக் கூப்பிடுவார்கள். அந்த அம்பேத்கருக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறபோது அப்பா பெயர் தலைப்பெழுத்தாகிவிடுகிறது. கொங்கணத்து ஊர் ஒன்றின் பெயர், தமிழ்நாட்டு வருகைப் பதிவேட்டில் ஒரு 'அ'வாகச் சுருங்கி நிற்கிறது. வாழ்த்துச் சொல்ல நமக்கு 'பீம்' போதும். கூப்பிடவும் விலாசம் எழுதவும்தான் 'அம்பேத்கர்' வேண்டியிருக்கிறது.

விலாசம் என்றேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அம்பேத்கர் நகர், அம்பேத்கர் தெரு, அம்பேத்கர் சிலை நிறுத்தம். தமிழ்நாட்டில் இந்தப் பெயர்கள் இல்லாத வட்டாரம் குறைவு. சேரி என்றும் காலனி என்றும் அடுத்தவர் வைத்த பெயர்களைத் தள்ளிவிட்டு நாமே நமக்கு வைத்துக்கொண்ட பெயர் இது. அரசு 'காலனி'யின் வசவுத்தன்மையை ஒப்புக்கொண்டது வெகு தாமதமாக. அந்தச் சொல் ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். நம் மக்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பலகையை மாற்றி எழுதிவிட்டார்கள்.

ஆனால் சாதி கெட்டிக்காரத்தனமானது. பலகையை மாற்றினால் அது பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் ஒரு வீட்டுக்காரர் என்னிடம் சாதி கேட்கவில்லை. 'ஊர்ல எந்தத் தெரு?' என்றார். சொன்னேன். வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது என்றார். அந்த வீட்டில் 'வாடகைக்கு' அட்டை இன்னும் இரண்டு வாரம் தொங்கியது. உலகமே மதிக்கிற ஒரு சட்ட அறிஞரின் பெயர், அந்தத் திண்ணையில் என் சாதிச் சான்றிதழாக இருந்தது. பல ஊர்களில் அவர் சிலைக்குக் கூண்டு போட்டு வைத்திருக்கிறார்களே, பெயருக்கும் அப்படி ஒரு கூண்டு இருக்கிறது.

அதற்காகப் பொதுப்பெயர் ஏதாவது வைத்துக்கொள்ளலாமே என்று நம் பிள்ளைகளே சிலர் கேட்கிறார்கள். அந்த வலி புரிகிறது. ஆனாலும் நான் ஒப்பவில்லை. ஒரு பெயரை எழுதாமல் விடுவதற்கு எவ்வளவு வன்மம் வேண்டும் என்று 2008 நவம்பரில் பார்த்தோம். சென்னை சட்டக் கல்லூரியில் ஒட்டிய சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்த 'டாக்டர் அம்பேத்கர்' விடுபட்டது. மோதல் வெடித்தது. காவலர்கள் பார்த்துக்கொண்டு நிற்க மாணவர்கள் அடித்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அடிதடியை நான் நியாயப்படுத்தவில்லை. சுவரொட்டியில் இரண்டு சொல் விட்டுப்போனது தற்செயல் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் இதற்குக் கொடுத்த விலை இன்னும் பெரிது. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைக்கச் சட்டமன்றம் 1978 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. உடனே கிராமம் கிராமமாகத் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. தீர்மானம் கிடப்பில் போனது. 'நாமாந்தர்' என்பது அங்கே 16 ஆண்டுப் போராட்டத்தின் பெயரானது. 1993இல் கௌதம் வாக்மாரே நாந்தேடில் தீக்குளித்து உயிர்விட்டார். கடைசியில் 1994 ஜனவரி 14 அன்று பெயர் வந்தது. அதிலும் ஒரு பேரம். 'மராத்வாடா'வை எடுக்காமல், அதன் முன்னால் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' என்று சேர்த்தார்கள். அதனால் அது நாமாந்தர் ஆகவில்லை, 'நாம்விஸ்தார்' ஆனது. பெயர் மாற்றம் கேட்டவர்களுக்குப் பெயர் நீட்சிதான் கிடைத்தது. ஆண்டுதோறும் ஜனவரி 14 அன்று அந்தப் பல்கலைக்கழக வாயிலில் மக்கள் திரள்கிறார்கள். அந்தப் பெயருக்காக மாண்டவர்களையும் அங்கே நினைக்கிறார்கள்.