ஸ்பானிய மொழியில் கனி காய்ப் பெயர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பிறமொழி கற்கப் புகுவார்க்கு முதற்கண் தரப்பெறும் சொற்றொகுதிகளுள் கனி காய்களின் பெயர்த்தொகுதியும் ஒன்று. ஸ்பானிய மொழி பயில்வாரும் அதனை ஒரே தன்மைத்தாகக் கருதி மனனம் செய்வர். ஆயின், அப்பெயர்கள் ஒரு காலத்தே ஓரிடத்தே தோன்றியன அல்ல. இலத்தீன், அரபு, அமெரிக்கப் பழங்குடி மொழிகள் என மூன்று அடுக்குகள் அவற்றுட் படிந்துள்ளன. புதுப்பொருள் வருங்கால் அதன் பெயரும் உடன்வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அஃதொன்றே அமையுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உரோமர் ஆட்சியொடு வந்தது முதலடுக்கு. திராட்சையைக் குறிக்கும் ஊவா, அத்தியைக் குறிக்கும் ஈகோ, வெங்காயத்தைக் குறிக்கும் செபோல்யா, பூண்டைக் குறிக்கும் ஆஹோ முதலியன இலத்தீன் வழியின. ஆப்பிளுக்கு வழங்கும் மன்சானா என்பது, மத்தியுஸ் என்னும் உரோமர் பெயரால் அமைந்த ஒருவகை ஆப்பிளின் பெயரே. சிறப்புப்பெயர் நாளடைவில் பொதுப்பெயராயிற்று.

இரண்டாம் அடுக்கு, 711இல் முஸ்லிம்கள் ஐபீரியத் தீவக்குறையுட் புகுந்தது முதல் 1492இல் கிரனாடா வீழ்ந்தது வரையுள்ள காலத்தில் வேரூன்றியது. வாய்க்காற் பாசனத்தால் தோட்டப் பயிர்கள் செழித்த காலம் அது. வாய்க்காலைக் குறிக்கும் அசேக்கியா என்பதே அரபுச் சொல். செவில்யாவைச் சேர்ந்த இபின் அல்-அவ்வாம் 12ஆம் நூற்றாண்டில் விரிவான வேளாண்மை நூலொன்று இயற்றினார். ஆரஞ்சுக்கு நரான்ஹா, எலுமிச்சைக்கு லிமோன், கத்தரிக்குப் பெரென்ஹேனா, காரட்டுக்குச் சனவோரியா என வழங்கும் பெயர்கள் அரபின் வழி வந்தனவே.

ஈண்டு ஒலிவம் பற்றிய பெயர்கள் ஊன்றி நோக்கற்பாலன. மரத்தின் பெயராகிய ஒலீவோ இலத்தீன். காயின் பெயராகிய அசெய்துனாவும் எண்ணெயின் பெயராகிய அசெய்த்தேயும் அரபு. ஒலிவம் உரோமர் காலத்திலேயே அந்நாட்டில் மிக்கு விளைந்த பொருள். அரபு மொழி பேசினார் புதிதாகக் கொணர்ந்ததன்று. எனவே, புதுமை ஒன்றே கடன்சொல்லுக்குக் காரணம் என்னும் கொள்கை இவ்விடத்துப் பொருந்தாது. பொருளைப் பறித்தும் பிழிந்தும் விற்றும் வாழ்ந்தாரது நாவழக்கே நிலைபெற்றது எனக் கோடல் பொருத்தமாகும். 1609 முதல் 1614 வரை, மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் வழியினர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினினின்று வெளியேற்றப்பட்டனர். உழுதாரை விலக்கிய ஆணையால் அவர்தம் சொற்களை விலக்க இயலவில்லை.

மூன்றாம் அடுக்கு 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்தபின் தோன்றியது. அங்கு வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து மக்காச்சோளத்தைக் குறிக்கும் மயீஸ், மிளகாயைக் குறிக்கும் அஹீ, கொய்யாவைக் குறிக்கும் குவயாபா ஆகிய சொற்கள் பெறப்பட்டன. பெருநோயாலும் கொடிய வேலைவாங்கலாலும் அம்மக்கள் சில பத்தாண்டுகளுள் பெரிதும் அழிந்தனர். அவர்தம் மொழியும் வழக்கொழிந்தது. எனினும், ஸ்பானியர் அச்சொற்களைப் பெருநிலத்துக்கும் கொண்டு சென்றனர். பெருநாட்டின் கெச்சுவா மொழியில் மக்காச்சோளத்துக்குச் சாரா என்னும் பெயர் இருந்தும், ஸ்பானியத்தில் தீவினரின் மயீஸ் என்பதே நிலைத்தது. முதற்கண் யாரைக் கண்டனரோ அவர் சொல்லே முந்திக்கொண்டது.

மெக்சிக்கோவின் நாவத்ல் மொழிச் சொற்கள் ஒலித்திரிபுடன் புகுந்தன. ஈற்று 'த்ல்' ஸ்பானியத்தில் 'தே' எனத் திரிதல் பெருவழக்கு: தொமாத்ல் தொமாத்தே என்றாயிற்று, சப்போத்ல் சப்போத்தே என்றாயிற்று. நம் வழக்கிலுள்ள தக்காளியின் ஆங்கிலப் பெயரும் சப்போட்டா என்னும் சொல்லும் இவற்றின் வழிவந்தனவே. வெண்ணெய்ப்பழத்தை மெக்சிக்கோவினர் அகுவகாத்தே என நாவத்ல் வழியிலும், பெரு, சிலி நாட்டினர் பால்த்தா எனக் கெச்சுவா வழியிலும் வழங்குவர். உருளைக்கிழங்குக்கு அமெரிக்க நாடுகளில் வழங்கும் பாப்பா கெச்சுவாச் சொல். அதுவும் சர்க்கரைவள்ளியின் தைனோப் பெயராகிய பத்தாத்தாவும் மயங்கியதால் ஸ்பெயினில் பத்தாத்தா என்னும் பெயர் உருளைக்குப் பிறந்தது. தமிழெழுத்தில் இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றினும், கிழங்கின் தைனோப் பெயரில் முதலொலி அதிர்வுடையது. உருளையின் பெயரில் அதிர்வற்றது. அலொன்சோ தே மொலினா 1571இல் வெளியிட்ட நாவத்ல் அகராதியும், தொமிங்கோ தே சாந்தோ தோமாஸ் 1560இல் வெளியிட்ட கெச்சுவா அகராதியும் இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை புரிவன.

தமிழகத் தொடர்பும் ஈண்டு உண்டு. கொய்யா, அன்னாசி என்பன போர்ச்சுகீசியர் வழி நம்மை அடைந்த அமெரிக்கச் சொற்கள். மறுதலையாக, நரான்ஹா என்பது அரபு, பாரசீகம் வழியே வடமொழி நாரங்கத்தைச் சென்றடைகின்றது. அதனைத் திராவிட மூலத்ததெனக் கொண்டு நாரத்தையொடு இயைப்பாரும் உளர். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. சொல் நடந்த வழியில் ஒவ்வொரு படியும் காட்டப்பெறல் வேண்டும்.

ஆகவே, பொருளின் புதுமை, பயிர்செய்வார் வழக்கு, தொடர்பு நேர்ந்த முறை ஆகிய மூன்றும் கூடியே ஒரு பெயரை நிலைநிறுத்துகின்றன. நாடிழந்தோரும் மொழியிழந்தோரும் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தல் அரிது. அவர்க்குச் சந்தையில் வழங்கும் காய்ப்பெயரும் ஒரு கல்வெட்டே எனலாம்.