ஏர் பிடித்த பெண்கள்

உழவு யந்திரத்தின் வரலாற்றை எழுதியோர், அதை ஆக்கியோரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஹென்றி போர்டின் பெயரும் ஹரி பேர்குசனின் பெயரும் மாணவர் பலர் அறிந்தவை. ஆனால், அந்த யந்திரத்தை இயக்கி நிலத்தைப் பிளந்தவர்கள் யாவர், அவர்கள் அதை எவ்வாறு கற்றனர், அதற்கு அவர்கள் பெற்ற கைம்மாறு யாது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. இரண்டாம் உலக யுத்த காலத்துப் பிரித்தானியப் பெண்கள் நிலப்படையின் கதை இவ்வினாக்களுக்கு விடை தருவதாகும்.

யுத்தம் தொடங்கிய காலத்தில் பிரித்தானியா தனக்கு வேண்டிய உணவிற் பாதிக்கு மேற்பட்டதைக் கடல் கடந்தே பெற்றுவந்தது. கனடாவிலிருந்தும் ஆர்ஜென்டீனாவிலிருந்தும் மலிவான தானியம் வந்து குவிந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அந்நாட்டு விளைநிலங்களிற் பெரும்பகுதி புல்தரையாகிவிட்டது. நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழியை மறிக்குமாயின் நாடு பட்டினி கிடக்க நேரும் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1939 மே மாதத்தில், புல்தரையை உழுது விளைநிலமாக்குவோருக்கு ஏக்கருக்கு 2 பவுண் மானியம் அறிவிக்கப்பட்டது. ஆனால் உழவேண்டிய ஆண்களிற் பலரைப் போர்க்களம் அழைத்துக்கொண்டது.

1917இல் தோன்றி 1919இற் கலைக்கப்பட்ட பெண்கள் நிலப்படை, இந்நிலையில் 1939 ஜூன் மாதம் மீண்டும் அமைக்கப்பட்டது. டென்மன் சீமாட்டி அதன் தலைவியானார். 1943இல் அப்படையின் தொகை 80,000ஐத் தாண்டியது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் இலண்டன் முதலிய பெருநகரங்களிலிருந்து வந்தவர்கள். கடைகளிற் பொருள் விற்றவர்களும், தட்டெழுத்தாளர்களும், ஆலைத் தொழிலாளிகளும் அவர்களிடையே இருந்தனர். பால் கறத்தல், எலி ஒழித்தல், மரம் தறித்தல் எனப் பல வேலைகள் அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் ஆண்கள் தமக்கே உரியதெனக் கருதிவந்த வேலை உழவாகும். பெண்ணின் கை களை பிடுங்கலாம், கதிர் பொறுக்கலாம். ஏர் பிடித்தல் ஆகாது என்பது பல நாடுகளில் வேரூன்றிய எண்ணம்.

அக்காலத்துப் பிரித்தானிய வயல்களில் மிகுதியாக ஓடியது, 1933 முதல் டகன்ஹாம் தொழிற்சாலையில் உற்பத்தியான போட்சன் யந்திரம். அதற்குக் கூரையில்லை, இருக்கை வெறும் இரும்புத் தட்டு, இறப்பர் தட்டுப்பாட்டினாற் பல யந்திரங்கள் இரும்புச் சில்லுகளுடனேயே ஓடின. அதை உயிர்ப்பிப்பதே புதியவர்க்கு முதற் சோதனை. முன்புறக் கைபிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தல் வேண்டும். இல்லையேல் யந்திரம் எதிர்த்து உதைக்கும்போது கைபிடி விரலையோ மணிக்கட்டையோ முறித்துவிடும். பெற்றோலிற் புறப்பட்ட யந்திரம் போதிய சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். பனி உறையும் இரவுகளில் அதன் நீரை வடித்துவிடல் வேண்டும். மறந்தால் மறுநாட் காலை இரும்பு வெடித்துக் கிடக்கும்.

யந்திரத்தின் பின்னால் இரட்டைச்சாற் கலப்பை இழுபட்டு வரும். வெட்டுக்கத்தி மண்ணை மேலிருந்து கீழாகக் கீறும்; கொழு அதன் அடியை அறுக்கும்; வளைந்த தகடு அறுபட்ட மண்ணை வலப்பக்கம் புரட்டிப் புல்லை அடியில் மறைக்கும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைய அமைக்கப்படாவிடின், எவ்வளவு வலிய யந்திரமும் நிலத்தைக் குழப்புமேயன்றி உழாது. கல்லிலோ வேரிலோ கொழு சிக்கினால் யந்திரம் முன்புறம் மேலெழுந்து ஓட்டுபவர்மீதே கவிழக்கூடும். அதனால் பல கலப்பைகள் ஒரு மரமுளையினாலேயே பிணைக்கப்பட்டிருந்தன. அழுத்தம் மிகும்போது முளை முறிந்து கலப்பை விடுபட்டு நின்றுவிடும்.

முதற்சால் எல்லாவற்றிலும் கடினமானது. வயலின் மறுகோடியில் நட்ட கம்பையே நோக்கி ஓட்டுதல் வேண்டும். பின்னே வரும் கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவரின் சால் வளைந்துபோகும். முதற்சால் வளைந்தால், வலச்சில்லை அதனுள் ஓட்டி இடும் அடுத்த சாலும் வளையும். அன்றைய உழவு முழுவதும் அந்தக் கோணலைச் சுமக்கும். வயலின் ஓரத்தை அடைந்ததும் கயிற்றை இழுத்துக் கலப்பையை உயர்த்தித் திரும்பி, மீண்டும் இறக்குதல் வேண்டும்.

இவற்றைக் கற்கப் பலருக்குக் கிடைத்தவை சில வாரங்களே. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. எனினும் அவர்கள் கற்றனர். யந்திரம் ஓட்டுதலுக்கும் தேர்ச்சிச் சோதனைகள் நடத்தப்பட்டன, பலர் சித்தியெய்தினர். யுத்த காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் புல்தரை உழப்பட்டதில் அவர்களின் பங்கு சிறிதன்று. உழவுத் திறன் இரத்தத்தில் ஊறியதன்று. கருவியும் பயிற்சியும் வாய்ப்பும் கிடைத்தால் யாவர்க்கும் கைவருவது என்பதை அவர்களின் சால்கள் நிலத்திலேயே எழுதிக் காட்டின.

ஆனால் கூலியில் இவ்வுண்மை ஏற்கப்படவில்லை. தொடக்கத்தில் 48 மணி நேர வாரத்துக்கு அவர்களுக்கு 28 ஷில்லிங் வழங்கப்பட்டது. ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரிக் கூலியோ 38 ஷில்லிங். யுத்தம் முடியும் தறுவாயில், படைகளிற் பணியாற்றியோருக்கு உரிய பணிக்கொடை நிலப்படைப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. இதைக் கண்டித்து 1945 பெப்ரவரியில் டென்மன் சீமாட்டி தமது பதவியைத் துறந்தார். உணவுத் தட்டுப்பாடு தொடர்ந்தமையால் படை மட்டும் 1950 நவம்பர் வரை வேலை வாங்கப்பட்டது. 2008இலேயே எஞ்சியிருந்தோருக்கு அரசாங்கம் ஒரு நினைவுச் சின்னம் அளித்தது. அதற்குள் பலர் மறைந்துவிட்டனர். அவசியம் நேர்ந்தபோது திறந்த கதவு, அவசியம் நீங்கியதும் மூடப்பட்டது எனலாம். உழைப்பின் தேவையை ஏற்ற சமுதாயம், உழைப்பவரின் உரிமையை ஏற்கவில்லை.

இன்று பிரித்தானியாவில் பழைய போட்சன் யந்திரங்களையும் இழுவைக் கலப்பைகளையும் துருவகற்றிச் செப்பனிட்டு, உழவுப் போட்டிகளில் இறக்குவோர் உளர். அதிற் புதிதாகப் பயில்பவர் கற்பதும் அன்று அப்பெண்கள் கற்ற அதே பாடங்களையே: கட்டைவிரலை மடக்காதே, கம்பிலிருந்து கண்ணை எடுக்காதே, முதற்சாலை அவசரப்பட்டு இடாதே. அந்த யந்திரங்கள் பேணப்படுவது நன்று. வரலாறு கற்பிக்கும் நாமோ, யந்திரத்தின் பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிடாது, அதை ஓட்டிய கைகள் பெற்ற 28 ஷில்லிங்கையும் மாணவர்க்குச் சேர்த்தே கற்பிப்போமாக.