நல்லூர் இராசதானியும் யமுனா ஏரியும்

ஏரிகளும் மாளிகைகளும் ஒருங்கே அமைந்த பழைய நகரம் எதுவென வினவின், பலர் உள்ளத்திலும் முதலில் தோன்றுவது இராசபுத்திரர் நாட்டு உதயப்பூரேயாகும். மேவார் மன்னன் உதயசிங்கன் 1559ஆம் ஆண்டளவில் பிச்சோலா ஏரிக்கரையில் அந்நகரை நிறுவினான். அவன் வழிவந்தோர் எழுப்பிய மாளிகைகள் இன்றும் நீரிலே நிழல் விழ நிற்கின்றன. அதே காலத்தில் ஈழத்தின் வடமுனையிலும் ஏரியும் அரண்மனையும் உடைய இராசதானி ஒன்று இருந்தது. அதுவே யாழ்ப்பாண அரசின் தலைநகராகிய நல்லூர். உதயப்பூர் தோன்றிய மறு ஆண்டிலே, 1560இல், நல்லூர் போர்த்துக்கேயரின் படையெடுப்புக்கு இலக்காயிற்று. இன்று நல்லூருக்குச் செல்வோர் அங்கே அரண்மனையைக் காணார். ஆயினும் அந்நகர் முற்றாக மறைந்துவிட்டது என்று கூறுவதற்கும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நிலம். பெய்யும் மழையிற் பெரும்பகுதி பாறை வெடிப்புகளின் வழியே நிலத்துள் இறங்கிவிடும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது அங்கில்லை. கிணறும் குளமும் கேணியுமே மக்களின் உயிர்நிலை. அத்தகைய நாட்டிலே வற்றாத பேராறாகிய யமுனையின் பெயரால் ஒரு நீர்நிலை அமைந்தது வியப்புக்குரியது. சங்கிலித் தோப்புக்கு அண்மையில் உள்ள அந்த யமுனா ஏரியை ஊரார் யமுனாரி என்பர். பெயர் ஏரியாயினும் உருவில் அது கேணியே. பிச்சோலாவின் பரப்பை இங்கு எதிர்பார்த்தலாகாது. பகரவடிவில், அஃதாவது தமிழ் எழுத்தாகிய ‘ப’வைப் போல, கட்டப்பட்டிருப்பதே அதன் தனிச்சிறப்பு. யமுனை நதியின் தீர்த்தம் கொணரப்பட்டு அதிற் கலக்கப்பட்டது என்பது மரபு. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ இதனை ஆரியச் சக்கரவர்த்திகளின் முதல் மன்னனோடு தொடர்புபடுத்துகின்றது. வேறு சிலர் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுகட்டிலேறிய சிங்கைப் பரராசசேகரனின் பணியென்பர். எவ்வாறாயினும், ஆறில்லா நாட்டின் அரசன் கங்கை யமுனை பாயும் புண்ணிய பூமியோடு தன் நகரை இணைக்க விரும்பினான் என்பது அப்பெயராலேயே புலனாகும்.

நகரின் அமைப்பும் அவ்வாறே கருத்துடன் வகுக்கப்பட்டது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் என நாற்றிசையிலும் கோயில்கள் காவலாக நின்றன என்பர். முத்திரைச் சந்தி, பண்டாரக்குளம், சங்கிலித் தோப்பு ஆகிய இடப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அரசு போயினும், அரசின் பெயர்களை மக்கள் தம் நாவிலே காத்துவந்தனர்.

இவ்விராசதானியின் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். முதலாம் சங்கிலி வன்னிப் பக்கம் பின்வாங்கினான். பின்னர் மக்கள் கிளர்ந்தெழவே, போர்த்துக்கேயர் நல்லூரை விட்டகன்று மன்னாரிற் கோட்டை அமைத்தனர். 1591இல் அந்திரே புர்த்தாதுவின் படை மீண்டும் வென்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் அமர்த்தியது. 1619இல் பிலிப்பு த ஒலிவேறா இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்தான். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அம்மன்னன் அங்கே கொலைத்தண்டனை பெற்றான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சிபீடம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறிற்று. தலைநகர் என்னும் நிலையை இழந்த நல்லூரின் மாளிகைகளைப் பேணுவார் இலராயினர்.

இன்று நல்லூரைக் காணச் செல்வோருக்கு இரண்டு கட்டடங்கள் அரசர் காலத்தனவாகக் காட்டப்படுகின்றன. ஒன்று பருத்தித்துறை வீதியில் உள்ள மந்திரி மனை. மற்றொன்று சங்கிலித் தோப்பு வளைவு. முன்னதை மந்திரியின் இல்லமென்றும், பின்னதை அரண்மனை வாயிலென்றும் ஊரார் கூறுவர். ஆனால் இரண்டிலும் ஐரோப்பியக் கட்டடக்கலையின் சாயல் தெளிவாகக் காணப்படுகின்றது. ஆதலால் இன்று நிற்கும் உருவம் ஒல்லாந்தர் காலத்துக்கோ அதன் பின்னருக்கோ உரியது என ஆய்வாளர் கருதுவர். இதனாற் கர்ணபரம்பரை பொய்யென்று ஆகிவிடாது. கட்டடம் பிற்பட்டதாயினும், அது நிற்கும் நிலத்தின் நினைவு முற்பட்டதாக இருக்கலாம். கட்டடத்தின் வயதையும் இடத்தின் வயதையும் பிரித்தறிதலே வரலாறு கற்போர்க்கு இன்றியமையாதது.

கோயிலின் கதையும் இதையே உணர்த்தும். இப்போதுள்ள கந்தசுவாமி கோயில், ஒல்லாந்தர் ஆட்சியில், 1734இல் இரகுநாத மாப்பாண முதலியாரால் எழுப்பப்பட்டது; பழைய கோயில் நின்ற இடமும் இதுவன்று. ஆயினும் அங்கு கூறப்படும் கட்டியத்திலே புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. அவன் 1450ஆம் ஆண்டளவில் கோட்டை அரசனின் பொருட்டு யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப் பெருமாளே என்பர் பலர். அமைச்சன் ஒருவன் என்பர் வேறு சிலர். கல்லிற் பொறித்தது அழிந்தவிடத்தும், வழிபாட்டிலே வைத்த பெயர் அழியவில்லை.

உதயப்பூரைக் கண்டு மகிழக் கண் ஒன்றே போதும். நல்லூரைக் காணக் கண்ணோடு காதும் வேண்டும்; கட்டியத்தையும் இடப்பெயர்களையும் செவிமடுப்பவர்க்கே அந்நகர் புலப்படும். ஆனால் செவிவழிச் செய்தி ஒன்றையே நம்பியிருத்தலும் தகாது. யமுனா ஏரியின் படிகள் சிதையாமலும், மந்திரி மனை மேலும் இடிந்து விழாமலும் காத்தல் இத்தலைமுறையின் கடமையாகும். எஞ்சிய கல்லும் மறைந்துவிடின், அடுத்துவரும் தலைமுறைக்கு நல்லூர் இராசதானி ஒரு கதையாக மட்டுமே மிஞ்சும்.