ஒன்றை ஏன் கழிக்க வேண்டும்? - புள்ளியியல் வகுப்பும் கொஞ்சம் வரலாறும்

முதல் இன்டர்னலில் எனக்குக் கிடைத்தது 25க்கு 7. பொருளாதாரம் படிக்க வந்த எங்களுக்குப் புள்ளியியல் ஒரு அலைடு பேப்பர். வகுப்பில் அறுபது பேர். பிளஸ் டூவில் கணக்கே வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள் பாதிக்கு மேல். எஸ்.பி. குப்தாவின் தடிமனான புத்தகத்தைப் பார்த்ததுமே பலருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கால்குலேட்டர் இருந்தால் போதும், ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணினால் பாஸ் என்று சீனியர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். விளைவு: ஏழு.

திட்ட விலக்கம் நடத்தும்போது ஒருநாள் கை தூக்கிக் கேட்டேன். "நாலு எண் இருக்கும்போது நாலால வகுக்காம, ஒன்னைக் கழிச்சு மூணால ஏன் சார் வகுக்கோம்?" சாம்பிள் என்றால் அப்படித்தான், பரீட்சைக்கு அது போதும் என்று பதில் வந்தது. சாரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு போர்ஷன் முடிக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்று மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தேடிப் போனபோது கிடைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல முழித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும்.

கேள்வி கேட்ட ஒரு மாணவர்

நம் நாட்டில் இந்தப் பாடத்தை முதலில் படித்தவர்கள் யார்? கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் என்பவர் பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர். 1915 இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பும்போது 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழின் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறினார். வழியெல்லாம் அதையே படித்தார். அந்த ஆர்வம் வளர்ந்து 1931 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமானது. 1941 இல் கல்கத்தா பல்கலைக்கழகம் இந்தியாவிலேயே முதன்முதலாகப் புள்ளியியலில் முதுகலை வகுப்பு தொடங்கியது.

அந்த முதல் பேட்சில் ஒருவர் சி.ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த அவர், ராணுவ சர்வே துறையில் வேலை தேடித்தான் கல்கத்தாவுக்குப் போனார். வேலை கிடைக்கவில்லை. அங்கே சந்தித்த ஒருவர் மூலம் புள்ளியியல் நிறுவனம் பற்றித் தெரிந்து, 1941 தொடக்கத்தில் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். வேலை கிடைத்திருந்தால் கதையே வேறு!

படித்து முடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். 1944 இல் அவருக்கு வயது 24 கூட நிரம்பியிருக்காது. மதிப்பீடு பற்றிய வகுப்பில் ஃபிஷரின் ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மாதிரியின் அளவு மிகப் பெரிதாகும்போது பொருந்தும் முடிவு. அப்போது வி.எம். தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிக்கும் இப்படி ஒன்றை நிறுவ முடியாதா என்று கேட்டார். ராவிடம் உடனே பதில் இல்லை. வீட்டுக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து கண்டுபிடித்தார். மறுநாள் வகுப்பில் வந்து சொன்னார். 1945 இல் அச்சில் வந்த அந்த முடிவைத்தான் இன்று உலகம் கிராமர்-ராவ் சமனிலி என்கிறது. சுவீடனின் கிராமரும் தனியாக அதே முடிவுக்கு வந்ததால் இரண்டு பெயர்.

அது சொல்வதை எளிமையாகச் சொன்னால்: பாரபட்சமில்லாத எந்த மதிப்பீட்டு முறையாக இருந்தாலும், கையில் உள்ள தகவலுக்கு ஏற்ற ஒரு எல்லைக்குக் கீழே அதன் தடுமாற்றத்தைக் குறைக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் முடியாது.

கேள்வி கேட்ட தாண்டேகர் என்ன ஆனார்? பெரிய பொருளாதார அறிஞரானார். 1971 இல் நீலகண்ட ரத்துடன் சேர்ந்து இந்தியாவின் வறுமையை அளந்து எழுதியவர் அவர்தான். ஒரு நாளைக்கு 2,250 கலோரி சாப்பாடு வாங்க வழியில்லாதவர் ஏழை என்று கணக்குப் போட்டார். பொருளாதார வகுப்பில் அவர் பெயரைப் படித்திருக்கிறோம். அவரும் நம்மைப் போல ஒரு புள்ளியியல் வகுப்பில் கை தூக்கியவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ராவ் 2023 இல், 102 வயதில் காலமானார்.

நம்ம பக்கம்

கல்கத்தா தூரம். நம் ஊருக்கு வருவோம். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1937 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே புள்ளியியலை வளர்த்தவர் யு. சிவராமன் நாயர். 1936 இலேயே அவருடைய கட்டுரை, மகாலனோபிஸ் கப்பலில் படித்த அதே 'பயோமெட்ரிகா'வில் வந்துவிட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் படித்து, 1945 முதல் 1951 வரை அங்கேயே விரிவுரையாளராக இருந்தவர் கே.சி. ஸ்ரீதரன் பிள்ளை. பிறகு அமெரிக்கா போனார். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பல மாறிகளை ஒன்றாகச் சோதிக்கும் அட்டவணையில் 'பிள்ளைஸ் டிரேஸ்' என்று ஒரு வரி வரும் பாருங்கள், அந்தப் பிள்ளை இவர்தான். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடும் திருவனந்தபுரத்தில் பாடம் நடத்தியவர். இதைப் படித்தபோது, இந்தப் பாடம் எங்கிருந்தோ வந்து நம் தலையில் விழுந்தது என்ற எண்ணம் கொஞ்சம் குறைந்தது.

அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கி சரியாக 19 வருடம் கழித்து, அதே நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. போராட்டமும் உயிர்த்தியாகமும் இதன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மேஜையில் இருந்த மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பட்டியல். தமிழர் அதிகம் இருந்த தேவிகுளம் நமக்குக் கிடைக்கவில்லை. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகத் தங்குபவர்கள் அல்ல என்ற வாதமும் அதற்கு ஒரு காரணம். யாரை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்பது பாடப்புத்தகத்தில் முதல் பாடத்தில் இரண்டு வரி. இங்கே அது எல்லைக்கோடு.

'ஸ்டூடண்ட்' என்று ஒருவர்

சரி, அந்த ஒன்று? அதற்கு வருகிறேன்.

டி-டெஸ்டை 'ஸ்டூடண்ட்ஸ் டி' என்கிறோம். ஏதோ மாணவர்களுக்கான எளிய சோதனை என்று நான் நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்!). ஸ்டூடண்ட் என்பது புனைபெயர். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டின் பெயர் அது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட நிறுவனம் அனுமதிக்கவில்லை. பார்லி, ஹாப்ஸ் சோதனைகளில் அவருக்குக் கிடைத்த மாதிரிகள் மிகச் சிறியவை. அன்றைய சூத்திரங்களோ பெரிய மாதிரிகளுக்கானவை. தாண்டேகர் பின்னாளில் கேட்ட கேள்வியின் அண்ணன் மாதிரிதான் இவருடைய கேள்வியும்.

3,000 கைதிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அளந்து வைத்த ஒரு பட்டியல் இருந்தது. அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்தார். 750 குட்டி மாதிரிகள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், தான் கணக்கிட்டது நடைமுறையில் பொருந்துகிறதா என்று இப்படிக் கையால் சோதித்துப் பார்த்து 1908 இல் வெளியிட்டார். பிறகு ஃபிஷர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்ற பெயரும் நம் ஒன்றும் அவர் வழியாகத்தான் இந்தச் சோதனைக்குள் வந்தன.

தாத்தாவும் நாலு வயலும்

இதை எனக்குப் புரிய வைத்தது தாத்தாவின் வயல். பயிர்க் காப்பீட்டுக்கு விளைச்சலைக் கணக்கிட, சில வயல்களில் மட்டும் அறுத்துப் பார்ப்பார்கள். 2016 இல் வந்த திட்டத்தின் விதிப்படி, முக்கியப் பயிர்களுக்குக் கிராம ஊராட்சி அளவில் குறைந்தது 4 இடங்களில் அறுவடை. அந்தச் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்தப் பகுதியில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். போகாவிட்டால் இல்லை. தாத்தா கேட்டார்: "நாலு வயல அறுத்துப் பாத்துட்டு ஊருக்கே எப்பிடி மக்கா கணக்கு சொல்லுவான்?"

அந்தக் காலத்தில் அதிகாரிகள் கண்மதிப்பாகவே சொன்னார்கள். முழு விளைச்சலை இத்தனை அணா என்று வைத்துக்கொண்டு, இந்த வருஷம் எட்டணா, பத்தணா என்பார்கள். 1930களின் இறுதியில் மகாலனோபிஸ் வங்காளத்துச் சணலில் மாதிரி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வயலைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது. வயலுக்குள் எந்த இடம் என்பதையும் அப்படியே முடிவு செய்வது. இன்றும் தென்மேற்கு மூலையில், அதாவது நம்ம கன்னி மூலையில் நின்று, குலுக்கலில் வந்த எண்ணுக்கு ஏற்றபடி உள்ளே நடந்து போய்த்தான் இடம் குறிப்பார்கள். இதைச் சொன்னதும் தாத்தா தலையாட்டினார். "அது சரிதான். வரப்போரத்துல நிக்க பயிர வச்சு வயல மதிக்கப்படாது, பாத்துக்கோ." சாம்பிளிங் பயாஸ் என்று நான் இரண்டு பக்கம் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.

அறுக்கும் இடம் ஏன் 5 மீட்டருக்கு 5 மீட்டர்? இதற்கும் வரலாறு உண்டு. இடம் சிறிதானால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்று 1940களில் பி.வி. சுகாத்மே எடுத்துக் காட்டினார். கோட்டின் மேல் நிற்கும் பயிர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகத்தில் கை தானாக உள்ளேதான் சேர்க்கும். 25 சதுர மீட்டருக்குச் சுற்றளவு 20 மீட்டர். ஒரே ஒரு சதுர மீட்டர் என்றால் சுற்றளவு 4 மீட்டர். பரப்போடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு ஓரம், ஐந்து மடங்கு சபலம்!

இப்போது கணக்கு. நான்கு இடங்களில் 10, 12, 14, 16 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 13. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகுவது -3, -1, 1, 3. கூட்டினால் பூஜ்யம். எப்போதுமே பூஜ்யம்தான் வரும். அதனால் மூன்று விலகல் தெரிந்தால் நாலாவது தானாகத் தெரிந்துவிடும். அது புதிதாக எதையும் சொல்வதில்லை. நாலு வயல் அறுத்தாலும், விலகலைப் பற்றிப் பேசும் தகவல் மூன்றுதான். ஊரின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. இந்த நாலின் சராசரியிலிருந்தே அளப்பதால் விலகல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 4 ஆல் வகுத்தால் 5. 3 ஆல் வகுத்தால் 6.67. அந்த ஒன்று நம் அவசர முடிவுக்குப் போடும் ஒரு கடிவாளம்.

கோசெட்டின் கடிவாளம் அடுத்தது. பெரிய மாதிரிக்கான 1.96 ஐப் போட்டால் ஊர்ச் சராசரி 10.5 முதல் 15.5 வரை என்று வரும். நாலே வயலுக்கு அட்டவணை தருவது 3.18. அதைப் போட்டால் 8.9 முதல் 17.1 வரை. காப்பீட்டில் சராசரிதான் பேசும், இந்த இடைவெளி பேசாது. ஒரு குடும்பத்துக்குப் பணம் வருமா வராதா என்பது சில கிலோவில் தீர்மானம் ஆகிறது.

தாத்தாவிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "ஒம்பதுக்கும் பதினேழுக்கும் எடயிலன்னு நானே வரப்புல நிண்ணு சொல்லிருப்பேனேல!"

"நாலு வயலை வைத்து அவ்வளவுதான் தாத்தா சொல்ல முடியும். அதுக்கு மேலே சொன்னால் பொய்," என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்போ இன்னும் நாலு வயல அறுக்கச் சொல்லணும்," என்றார். மாதிரியின் அளவைக் கூட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்வதும் அதுதான்.

இரண்டாவது இன்டர்னலில் 25க்கு 17. பெரிய மார்க் இல்லை. ஆனால் இந்த முறை 3 ஆல் வகுக்கும்போது ஏன் என்று தெரிந்து வகுத்தேன். அடுத்த வாரம் கை-ஸ்கொயர் ஆரம்பிக்கிறார்கள். அங்கேயும் கழிப்பதற்கு ஒரு ஒன்று இருக்கிறதாம். கை தூக்க வேண்டும்.