பழைய வார்ப்பிரும்பும் புதிய வேகமும்: ஒரு டர்போ எஞ்சினின் மறுவார்ப்பு வரலாறு

1983 அக்டோபர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கயலாமி ஓடுதளத்தில் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வென்றார். டர்போ எஞ்சினின் துணையால் கிட்டிய முதல் ஓட்டுநர் பட்டம் அது. வியப்பு என்னவெனில், அவருடைய பிராபம் காரை உந்திய பிஎம்டபிள்யூ எஞ்சினின் அடிக்கட்டை, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பக் காருக்காக வடிக்கப்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டுமே எழுதும் வழக்கத்தை இந்த எஞ்சின் கேள்விக்குள்ளாக்குகிறது.

அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த அந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், 1962-இல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ 1500 காரில் 80 குதிரைத்திறன் தந்தது. பின்னாளில் கொள்ளளவைக் கூட்டுவதற்கு இடம்விட்டே அவர் அதனை வடிவமைத்திருந்தார். அது விரைவில் 2 லிட்டரை எட்டியது. 1969-இல் ஐரோப்பியப் பந்தயங்களில் இதன் டர்போ வடிவம் ஓடியது. 1973-இல் அறிமுகமான 2002 டர்போ, 170 குதிரைத்திறனுடன் சாலைக்கு வந்தது. எண்ணெய் நெருக்கடி உடனே சூழ்ந்துகொண்டதால் 1,672 கார்களோடு அதன் உற்பத்தி முடிந்தது.

1966 முதல் நடைமுறையிலிருந்த ஃபார்முலா 1 விதி, 3 லிட்டர் சாதாரண எஞ்சினையோ 1.5 லிட்டர் மிகையூட்ட எஞ்சினையோ அனுமதித்தது. பாதிக் கொள்ளளவில் போட்டியிட நெடுங்காலம் எவரும் துணியவில்லை. 1977-இல் ரெனோ துணிந்தது. அடிக்கடி புகைவிட்டு நின்ற அதன் கார் ஏளனத்துக்கு உள்ளானது. 1979-இல் திழோனில் அது பெற்ற வெற்றி ஏளனத்தை முடித்துவைத்தது.

பால் ரோஷே தலைமையிலான பிஎம்டபிள்யூ குழு, புதிய எஞ்சினை வடிக்காமல் பழைய கட்டையையே எடுத்துக்கொண்டது. சிலிண்டர் விட்டம் 89.2 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 60 மில்லிமீட்டர் என அமைத்துக் கொள்ளளவை 1.5 லிட்டருக்குள் நிறுத்தியது. மேலே, சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்ட பந்தயத் தலை பொருந்தியது. எனினும் உண்மையான பகை வெப்பமே. கழிவுப் புகையால் சுழலும் டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. சூடேறிய கலவை உரிய கணத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் துளைக்கிறது. இன்டர்கூலர், மின்னணுக் கட்டுப்பாடு, டொலுவீன் மிகுந்த எரிபொருள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை அடக்கின. ஆகவே அந்தப் பட்டத்தில் வேதியியலுக்கும் பங்குண்டு.

நெடுந்தூரம் ஓடிய சாலைக் கார்களின் கட்டைகளையே ரோஷே குழு விரும்பித் தேர்ந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கதையில் அலங்காரம் ஏறியிருந்தாலும் அதன் உலோகவியல் அடிப்படை பழமையானது. சமமின்றிக் குளிரும் வார்ப்பிரும்பினுள் தகைவுகள் தங்கிவிடும். மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்ந்தால் அவை தளரும். கடைசல் எந்திரங்களின் படுகைகளைத் திறந்த வெளியில் போட்டு முதிரவிட்ட பட்டறை வழக்கமும் இவ்வறிவின் வழிவந்ததே.

எண்களைக் கையாளுவதில் எச்சரிக்கை வேண்டும். 1986 தகுதிச்சுற்று எஞ்சினுக்கு 1,400 குதிரைத்திறன் என்று எழுதப்படுவது ஒரு மதிப்பீடே. சோதனை மேடையின் அளவுமானி 1,280-க்கு மேல் காட்டவில்லை என்பது ரோஷேயின் கூற்று. விதிகள் 1987-இல் டர்போ அழுத்தத்தை 4 பாருக்கும், 1988-இல் 2.5 பாருக்கும் குறைத்தன. 1989-இல் டர்போ முற்றிலும் தடைசெய்யப்பட்டது.

தகுதிச்சுற்று எஞ்சினின் ஆயுள் சில சுற்றுகளே. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் எஞ்சினைக் கழற்றி, விரிசல் தேடி, தேய்ந்ததை மாற்றி மீண்டும் பூட்டிய மெக்கானிக்குகளின் உழைப்பாலேயே அந்தக் குதிரைத்திறன் நிலைத்தது. வரலாறு ஓட்டுநரையும் வடிவமைப்பாளரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. பராமரித்த கைகளை அல்ல. புதுமையை விடப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையப்படுத்துமாறு டேவிட் எட்ஜர்ட்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் வலியுறுத்துவதன் பொருள், இத்தகைய பட்டறைகளில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.