தெ லா சால் சபையும் ஏழையர் கல்வியும்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் படிக்கத் தொடங்கும் சிறுவனின் கையில் முதலில் தரப்பட்டது பெரும்பாலும் இலத்தீன் நூலே. பொருள் விளங்காச் சொற்களை நெடுநாள் எழுத்துக்கூட்டிய பின்னரே அவன் பிரெஞ்சு நூலைத் தொடுவான். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் காலம் உண்டு. கூலிக்காரன் மகனோ விரைவில் தொழிலுக்குப் போக வேண்டியவன். எம்மொழியும் கைவராமலே அவன் பள்ளியை விட்டான்.

ரெய்ம்ஸ் நகரில் 1651இல் பிறந்த ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் இம்முறையை ஏழையர் பள்ளிகளில் மாற்றினார். பேராலயப் பதவியை 1683இல் துறந்து, தம் செல்வத்தைப் பஞ்சத்தில் வாடியோர்க்கு வழங்கியவர் அவர். அவர் திரட்டிய ஆசிரியர்கள் குருக்கள் அல்லர். துறவு பூண்ட பொதுநிலையினர். இலத்தீன் அறிந்தவராயினும் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது அவர்களது விதி. வழிபாட்டு மொழியையே வகுப்பறையில் பின்னுக்குத் தள்ளிய துறவியர் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

அவர்களுடைய பள்ளி நடைமுறை நூல் 1720இல் அச்சேறியது. அதனைப் பார்க்கும்போது, கல்வி எதற்கு என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை என்று தோன்றுகிறது. கையெழுத்துப் பத்திரங்களைப் படிக்கவும், பற்றுச்சீட்டு, கடன்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வேலையாள் உடன்படிக்கை ஆகியவற்றை எழுதவும் சிறுவர் பழக்கப்பட்டனர். தன் கைப்பட ஒப்பந்தம் எழுத வல்லவனை ஏய்ப்பது எளிதன்று. (பிரம்பை அந்நூல் அறவே விலக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

1699 அளவில் பாரிசில் தொழில் செய்யும் இளைஞர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றையும் திறந்து, வடிவியலும் வரைகலையும் கற்பித்தனர். எழுதக் கற்பித்தலைத் தம் தனியுரிமையாகக் கொண்டிருந்த எழுத்தாசிரியர் சங்கத்தார் வெகுண்டனர். கட்டணம் செலுத்த வல்லவரின் பிள்ளைகளையும் சபையார் இலவசமாகச் சேர்க்கின்றனர் என்று 1704இல் வழக்காடினர்; தீர்ப்பும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. எனினும் 1705இல் ருவான் நகரை அடுத்த சேன்-யோனில் எழுந்த விடுதிப் பள்ளி, இலத்தீன் நீங்கலாக, வணிகத்துக்கும் தொழிலுக்கும் வேண்டியவற்றைக் கற்பித்தது. 1719இல் நிறுவனர் மறைந்ததும் அங்கேதான்.

தாய்மொழிக் கல்வியின் முன்னோடியென இவரைப் போற்றுவோர், ஒன்றை மறந்துவிடுகின்றனர் என்று கருதுகிறோம். 1703இல் அவிஞ்ஞோனிலும் 1706இல் மார்செய்யிலும் சபையின் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவ்வூர்களின் எளிய மக்கள் வீட்டில் பேசியது புரோவென்சால் மொழி. இலத்தீனுக்கு மாற்றாக அங்குச் சிறுவர்க்குக் கிட்டிய பிரெஞ்சும் அவர்களுக்கு ஏட்டு மொழியே.